எம்.எஸ்சி. இரண்டு வருடம்: ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு அக்காவின் ரிவ்யூ

நேராகச் சொல்லிவிடுகிறேன், 5-க்கு 3. பாடம், ஆசிரியர்கள், லேப், நூலகம் இவற்றுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் நாலரை போடுவேன், யோசிக்கவே மாட்டேன். ஸ்காலர்ஷிப், கட்டடம், பண விஷயத்தில் ஒன்றரைக்கு மேல் போட மனசு வரவில்லை. இரண்டையும் கூட்டி வகுத்தால் 3.

நாங்கள் கோத்தகிரி. தாத்தா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனில் இருந்து மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர், அம்மா இன்றைக்கும் இலை பறிக்கிறார், நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படித்து, 2023 ஜூலையில் கீழே, ஒரு இரவு பஸ் தூரத்தில் இருக்கும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தாள். 2025 மே மாதம் முடித்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. அவளுடைய சில பேப்பர் வேலைகள் அங்கே இன்னும் பாக்கி இருக்கின்றன என்பது ஒரு காரணம், அங்கே எங்களுக்கு உதவி செய்தவர்கள் மேல் பழி விழக்கூடாது என்பது இன்னொன்று.

முதலில் நல்லது. அவளுக்குக் கிடைத்த கைடு மேடம் மாதிரி ஒருவர் எந்தப் பெரிய தனியார் கல்லூரியில் லட்சம் லட்சமாகக் கட்டினாலும் கிடைப்பாரா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்த்துவிட்டு எனக்கு போன் செய்து, "அக்கா, நம்ம வீட்டுப் பின்னாடி இருக்கிற மரத்தோட இலைதான், உள்ளே எப்படி இருக்கு தெரியுமா" என்று அவள் சொன்ன அந்த ஒரு போன் காலுக்கே நான் அந்தத் துறைக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டணமும் அதிகம் இல்லை. நான் சொல்லப்போவது கட்டணம் அதிகம் என்ற புகார் இல்லை. அது எப்போது கேட்கப்படுகிறது, திரும்பி வரவேண்டியது எப்போது வருகிறது என்பதுதான்.

சேர்க்கை நாளில் முதல் செமஸ்டர் கட்டணம், ஹாஸ்டல் அட்வான்ஸ், மெஸ் அட்வான்ஸ், காஷன் டெபாசிட் எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஸ்காலர்ஷிப் உண்டே சார் என்று கேட்டேன். "உண்டும்மா, வந்ததும் உங்க அக்கவுண்டுக்கே போயிடும், இப்ப கட்டிடுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம், குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மத்திய அரசின் பங்கு நேராக மாணவரின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். எல்லாம் சரி. ஆனால் அதே திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. ஏழை மாணவர் முன்பணம் கட்டாமலே சேரலாம், உதவித்தொகை வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்பதற்காக வைத்தது அது. அந்தக் கார்டு பற்றி அந்த கவுண்டரில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது, எட்டு மாதம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

32,000-க்கு எங்கே போவது? அம்மாவின் மகளிர் குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கினோம். மாதம் 640 ரூபாய். 2023 ஜூலையில் வாங்கியது, ஸ்காலர்ஷிப் வந்தது 2024 ஏப்ரலில். ஒன்பது மாதம், 5,760 ரூபாய் வட்டி.

நான் தினமும் கணக்கு எழுதுகிறவள், இந்த 5,760-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். கட்டணம் என்று எழுத முடியாது, ரசீதில் இல்லை. நன்கொடை இல்லை, அபராதம் இல்லை. கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான்: கட்டணத்துக்காக அரசிடமிருந்து வரவேண்டிய பணம் தாமதமாகிறது, அந்தத் தாமதத்தை யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும், அதைத் தாங்குவதற்கு இலை பறிக்கிற ஒரு அம்மாவின் குழுக் கடனை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது மாதம் கைமாத்து கொடுத்திருக்கிறோம், வட்டியும் நாங்களே கட்டியிருக்கிறோம். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவு செய்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாருமே முடிவு செய்யவில்லை என்பதுதான் சிக்கல். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் உட்கார்ந்து இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, தாமதத்தை நாம் தாங்குவோம் என்று ஒரு வரித் தீர்மானம் போட்டிருந்தால் போதும்.

இதற்கு எங்கள் தொழிற்சாலையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். நீலகிரியில் இண்ட்கோசர்வ் என்ற தேயிலைக் கூட்டுறவு இணையத்தின் கீழே 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இலை கொடுப்பவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்கள். இன்றைக்கு வருகிற பச்சை இலை தூளாகி, குன்னூர் ஏலத்துக்குப் போய், விற்று, வாங்கியவர் பணம் கட்டி அது எங்கள் கணக்கில் ஏற வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் இலைக்காசுக்குக் காத்திருங்கள் என்று விவசாயியிடம் சொன்னால் அவர் உரம் எப்படி வாங்குவார், பறிப்புக் கூலி எப்படிக் கொடுப்பார்? அதனால் தொழிற்சாலை வங்கியில் கேஷ் கிரெடிட், அதாவது வேண்டும்போது எடுத்துக்கொள்கிற கடன், வைத்துக்கொண்டு, தூள் விற்றாலும் விற்காவிட்டாலும் இலைக்காசைப் போட்டுவிடும். அந்த வட்டி தொழிற்சாலைச் செலவு, எங்கள் லெட்ஜரில் அதற்கென்று ஒரு பக்கமே இருக்கிறது. தாமதமாகிற மாதங்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், அந்த மாதம் ஆபீஸ் வாசலில் நின்று கேட்பார்கள், நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். பெரிய இடம்தான் இடைவெளியைத் தாங்க வேண்டும், சின்ன இடம் இல்லை. கணக்குப் படித்த யாருக்கும் இது தெரியும்.

இன்னொரு அனுபவம். தங்கச்சி ஊட்டியில் மூன்றாம் வருடம் படிக்கும்போதுதான் புதுமைப் பெண் திட்டம் வந்தது, 2022 செப்டம்பர் 5. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அது மாதா மாதம் வந்தது. போனில் மெசேஜ் வரும், பஸ் பாஸ், ரெக்கார்டு நோட், ஸ்வெட்டர் ஒன்று, எல்லாம் அதில் ஓடியது. பட்டப்படிப்போடு அது நின்றுவிடும், எம்.எஸ்சி.க்குக் கிடையாது. அந்த ஆயிரம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்த நிம்மதியை, மொத்தமாகப் பின்னால் வந்த பெரிய தொகை கொடுக்கவில்லை. அது வந்த அன்றைக்கே குழுவுக்குக் கட்டப் போய்விட்டது, தங்கச்சி அந்தப் பணத்தைக் கையில் தொடக்கூட இல்லை.

சரி, ஸ்காலர்ஷிப் ஏன் அவ்வளவு தாமதம் என்று ஒரு நாள் நேரில் போய்க் கேட்டேன். சனி இரவு பஸ் ஏறி, ஞாயிறு ஹாஸ்டல் பக்கத்தில் தங்கி, திங்கள் காலை பத்து மணிக்கு ஸ்காலர்ஷிப் செக்சன். செக்சன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க மாணவர்களின் பைல். ஒரு மேடம் மட்டும். இன்னொரு இடம் காலி, ஆள் ஓய்வு பெற்று வருடக்கணக்காகிறது, புதிதாகப் போடவில்லை. அந்த மேடம் தன் கையால் கோடு போட்ட ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பெயர், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கி, ஆதார் சீடிங், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், சரி என்றால் பச்சை மையில் டிக், இல்லை என்றால் பென்சிலில் ஒரு சின்ன வட்டம். பென்சில் எதற்கு என்று கேட்டேன். "சரியானதும் அழிச்சிட்டு டிக் போடணும்ல" என்றார். தங்கச்சி பெயருக்கு நேராக ஆதார் சீடிங்கில் வட்டம். பழைய கூட்டுறவு வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது, விண்ணப்பத்தில் கொடுத்தது வேறு கணக்கு. இதை அவர் அக்டோபரிலேயே கண்டுபிடித்து வகுப்பு வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார், யாரோ அனுப்ப மறந்திருக்கிறார்கள். அந்த மேடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தனை பிள்ளைகளின் பைலையும் ஒரே ஆள் ஒரு நோட்டில் தாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் லீவு போட்டால் மொத்த உதவித்தொகையும் நின்றுவிடும், இதுதான் நிலை. அந்த இரண்டாவது மேஜையில் ஒரு ஆளை உட்கார வைப்பதா வேண்டாமா என்பதும் ஆட்சிக்குழு முடிவு செய்கிற விஷயம்தான்.

அப்போதுதான் எனக்கு பட்ஜெட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது. தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவுப்படி, எந்த அரசு அமைப்பும் தன் பட்ஜெட்டையும் மானியத் திட்டங்களை எப்படிச் செலவழிக்கிறது என்பதையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இவர்கள் தளத்தில் பழைய வருடத்தது ஒன்றுதான் இருந்தது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், இருபத்தெட்டாம் நாள் கனமான கவர் வந்தது. இதற்கு முழு மார்க் கொடுக்கிறேன், தாமதிக்கவும் இல்லை, பக்கங்களை மறைக்கவும் இல்லை.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். நிதி அலுவலர் மதிப்பீடு தயாரிப்பார். அது நிதிக்குழுவுக்குப் போகும், அங்கிருந்து ஆட்சிக்குழு, அதாவது சிண்டிகேட். அப்புறம் ஆட்சிப்பேரவை, செனட். சிண்டிகேட்டுக்குத் தலைவர் துணைவேந்தர், உயர்கல்வித் துறைச் செயலாளர் மாதிரி சில அதிகாரிகள் பதவி வழியாக உறுப்பினர்கள், மீதி பேராசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், நியமன உறுப்பினர்கள். கணக்கைத் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. வரவுப் பக்கம் அரசின் தொகுப்பு மானியம், தேர்வுக் கட்டணம், இணைப்புக் கல்லூரிகள் கட்டுவது, தொலைநிலைக் கல்வி வருமானம். செலவுப் பக்கத்தைத் திறந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதில் தவறு சொல்ல மாட்டேன், உழைத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியது. ஆனால் யுஜிசி தொலைநிலைக் கல்வி விதிகளை இறுக்கிய பிறகு அந்த வருமானம் பல இடங்களில் சுருங்கியது, ஓய்வூதியம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது, மானியம் அதே வேகத்தில் ஏறவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே தாமதமாகி ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கியதும், 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 424 கோடி ரூபாய் வரிபாக்கி என்று வருமான வரித் துறை முடக்கியதும் செய்தியில் எல்லோரும் படித்ததுதான். அங்கே அரசு மானியம் மொத்த வரவில் பாதிக்கும் கீழே போய்விட்டது, அதனால் வரிவிலக்கு கிடையாது என்பது வரித் துறையின் வாதம். அரசுப் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பணத்தில் அரசின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இப்படி. ஆகவே பணம் தாராளமாக இருந்தும் கொடுக்கவில்லை என்று யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் பட்ஜெட் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இந்த வருட மதிப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். மூன்று பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: போன வருடம் போட்ட மதிப்பீடு, நடுவில் போட்ட திருத்த மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. ஒரு நிறுவனம் எதை முக்கியம் என்று நினைக்கிறது என்பது முதல் பத்தியில் தெரியாது, முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எது சுருங்கியது என்பதில் தெரியும். எனக்கு வந்த தாள்களில் கட்டடப் பராமரிப்பு என்ற வரி ஒவ்வொரு வருடமும் நன்றாக ஆரம்பித்து, திருத்தத்தில் வெட்டப்பட்டு, செலவில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. மாணவர் நலநிதியும் அதே மாதிரி. புதுக் கட்டடம் என்ற வரி அப்படிச் சுருங்கவில்லை. அதற்குக் காரணமும் தெளிவு. புதுக் கட்டடத்துக்கு வெளியிலிருந்து பணம் வருகிறது, யுஜிசி, 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் உயர்கல்வித் திட்டமான ரூசா (2023-லிருந்து அதன் பெயர் பி.எம். உஷா), மாநில அரசின் சிறப்பு நிதி என்று. வந்த பணத்தை அதற்குத்தான் செலவழிக்க முடியும். கட்டி முடித்த பிறகு அதற்குச் சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாற்ற, ஒழுகலை அடைக்க சொந்தப் பணம் வேண்டும். சொந்தப் பணத்தில் முதலில் கைவைக்கிற இடம் அதுதான், ஏனென்றால் இந்த வருடம் குழாய் மாற்றாவிட்டால் யாரும் போராட்டம் பண்ண மாட்டார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன், அதுவும் எங்கள் மலையிலேயே.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் ஒரு களப்பணி மையம் இருக்கிறது. 2024 ஜூலையில் தங்கச்சி வகுப்பு பன்னிரண்டு நாள் அங்கே தங்கி சோலை மரங்களைக் கணக்கெடுக்க வந்தார்கள். ஊருக்கே வந்துவிட்டாள் என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளியும் வர்க்கியும் எடுத்துக்கொண்டு போனேன். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மழையை நம் கோத்தகிரி மழை என்று நினைக்கக் கூடாது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த பக்கம் அது. கட்டடம் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசலில் பளபளவென்று கருப்புக் கிரானைட்டில் திறப்புவிழாக் கல்வெட்டு. மலையில் கட்ட வேண்டுமென்றால் 1993 விதிகள், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி, 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, இதெல்லாம் உண்டு, அதையெல்லாம் மதித்துத்தான் கட்டியிருந்தார்கள். மொட்டைத் தளம் மட்டும் கீழே சமவெளியில் போடுகிற அதே மொட்டைத் தளம். எங்கள் ஊரில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குக்கூடச் சரிவாகத் தகரமோ ஓடோ போடுவார்கள். மலையில் தண்ணீர் நிற்க இடம் கொடுத்தால் அது உள்ளே வந்துவிடும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெண்கள் தங்கியிருந்த அறையில் மூன்று பெயிண்ட் வாளி. ஒன்று கட்டிலின் மேலேயே வைத்திருந்தார்கள், அந்தக் கட்டிலில் படுக்க வேண்டிய பிள்ளை தரையில் பாய் போட்டிருந்தாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம், மூலையில் கரும்பச்சையாகப் பூஞ்சை, நோட்டுப் புத்தகமெல்லாம் விரித்தால் அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. காயப்போட்ட இலை மாதிரிகளை அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள், அப்படியும் பாதி கறுத்துப் போயிற்று. அங்கே ஒரு வாட்ச்மேன் அண்ணன், உள்ளூர்க்காரர், தினக்கூலி. மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன், குடையோடு கூட வந்தார். தளம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஓரத்தில் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயை பைன் ஊசி இலைகள் மெத்தை மாதிரி அடைத்திருந்தன. அண்ணன் ஒரு குச்சியை எடுத்து இரண்டு குத்து குத்தினார், கையை விட்டு ஒரு கொத்தாக எடுத்துப் போட்டார். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது, நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே தளம் தெரிய ஆரம்பித்தது. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. "இதை வாரா வாரம் செய்யலாமே அண்ணா" என்றேன். "ஏணி இல்லைம்மா. ஏணிக்கு எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு நீங்க கேட்டீங்கன்னுதான் ஜன்னல் சட்டத்துல கால வச்சு ஏறினோம்" என்றார்.

ஒரு ஏணி. அவ்வளவு பெரிய கட்டடத்தை அனுமதித்த அதே கூட்டத்தில், வருடத்துக்கு இத்தனை ரூபாய் இதன் பராமரிப்புக்கு, அதைச் செலவழிக்க இங்கே இருப்பவருக்கே அதிகாரம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அறை நனைந்திருக்காது. கட்டடம் கட்டும்போதே அதன் பராமரிப்புப் பணத்தை ஒதுக்கி, வைப்பில் போட்டு, அதன் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிக்கிற வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைப் பரிசுகளுக்கும் தங்கப் பதக்கங்களுக்கும் அப்படித்தானே செய்கின்றன, யாரோ கொடுத்த தொகை வங்கியில் இருக்கும், வட்டியில் பதக்கம் வாங்குவார்கள். அதே முறையைக் கூரைக்கும் செய்யலாம். தங்கச்சி பட்டம் படித்த ஊட்டி கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது கல் பங்களாவில்தான், வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் துரை 1820-களில் கட்டியது, இருநூறு வருடத்து மழையைத் தாங்கி இன்னும் நிற்கிறது. இந்த மலையில் கட்டடம் நிற்கும், தண்ணீரை வெளியே அனுப்ப ஒரு ஆளும் அவருக்கு ஒரு ஏணியும் இருந்தால்.

மெஸ் சாப்பாடு சுமார். வைஃபை வரும், போகும். பாதுகாப்பு நன்றாக இருந்தது, இரவு ஒன்பதுக்கு பஸ்ஸில் இறங்கினாலும் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஹாஸ்டல் வரை கொண்டுபோய் விடுவார், பெண் பிள்ளையை வெளியூரில் விடுகிற வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

மலையிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு, எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே வங்கிக்குப் போய், பிள்ளையின் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள், அந்தக் கணக்கையே விண்ணப்பத்தில் கொடுங்கள், எங்களுக்கு நாலு மாதம் போனது இதில்தான். வருமானச் சான்றைப் புதிதாக எடுத்து வையுங்கள். ஃப்ரீஷிப் கார்டு என்ற வார்த்தையைக் கவுண்டரில் வாய் திறந்து கேளுங்கள், தெரியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் செக்சனில் இருப்பவரிடம் மரியாதையாகப் பேசி, உங்கள் பெயருக்கு நேரே பென்சில் வட்டம் எதிலாவது இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை போன் செய்யுங்கள், அவரும் அதைத்தான் விரும்புகிறார். காஷன் டெபாசிட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், எங்களுடையது இன்னும் திரும்பி வரவில்லை.

இன்னொன்று. எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு தடவை பேரவைக் கூட்டம் நடக்கும். கால் ஏக்கர் வைத்திருக்கிற பாட்டி எழுந்து நின்று, போன வருஷம் விறகுக்கு எவ்வளவு ஆச்சு, இந்த வருஷம் ஏன் கூட என்று கேட்பார், சேர்மன் பதில் சொல்வார், நான் பக்கத்தில் லெட்ஜரோடு நிற்பேன். பல்கலைக்கழகத்திலும் பேரவை என்றுதான் பெயர், ஆனால் கட்டணம் கட்டுகிற வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து கேட்கிற மாதிரி அதில் இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் படித்தபோது ஒரு வழி தெரிந்தது. பழைய பல்கலைக்கழகச் சட்டங்கள் சிலவற்றில் பதிவு பெற்ற பட்டதாரிகள் என்று ஒரு தொகுதி உண்டு. தகுதியுள்ள பட்டதாரிகள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால் செனட்டுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாம், தாங்களே நிற்கவும் செய்யலாம். பட்டம் வாங்கிய எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் பார்த்திருக்கிறார்கள்? நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கச்சியின் பல்கலைக்கழகச் சட்டத்திலும் அந்தத் தொகுதி இருக்கிறது.

போன வாரம் படிவத்தை இறக்கி எடுத்தோம். பட்டமளிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் நகலை இணைத்து அனுப்ப வேண்டும், அதுவரைக்கும் மற்ற கட்டங்களை நிரப்பி வைத்துவிடலாம் என்று இரவு அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். முகவரி எழுதும்போது ஹாஸ்டல் முகவரியா வீட்டு முகவரியா என்று கேட்டாள். வீட்டு முகவரியே போடு, ஓட்டுச் சீட்டு தபாலில் வந்தால் இங்கேதான் வர வேண்டும் என்றேன்.

பின்குறிப்பு: கம்பளி கொண்டுபோன அன்றைக்குச் சொன்ன அந்த ஏணியைப் பற்றி ஆட்சிக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால், ஏணியும் வந்தால், இந்த ரிவ்யூவில் மார்க்கை மாற்றிப் போடுகிறேன்.